பார்க்க நல்லாத்தானே இருக்கு!

"பார்க்க நல்லாத்தானே இருக்கு, அதுல என்ன குறையைக் கண்டீங்க?"

இந்தக் கேள்வி காதில் விழாத மாதம் இல்லை. பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக இணையதளம் செய்துகொடுத்துப் பிழைக்கிறேன். பாத்திரக்கடைக்காரர் கேட்டிருக்கிறார், பள்ளித் தாளாளர் கேட்டிருக்கிறார், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, யார் இல்லை என்றது? எதில் பார்க்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள், பார்க்கவே முடியாதவர் என்ன செய்வார் என்று ஒருவராவது கேட்கக் கூடாதா?

போன மாதம் கேட்டவர் ஒரு பதிப்பக அண்ணாச்சி. சின்னப் பதிப்பகம், 312 தலைப்புகள். டிரெடில் மெஷின் காலத்தில் கம்போசிட்டராக வேலைக்குச் சேர்ந்து, நாளெல்லாம் நின்றுகொண்டே ஈய எழுத்துகளைக் கோத்து, பிறகு சொந்தமாக அச்சாபீஸ் வைத்து, அதிலிருந்து பதிப்பகத்துக்கு வந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு இணையதளம் தேவைப்பட்டது. நான் மூன்று வாரம் கேட்டேன். கல்லூரி முடித்த கையோடு வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன், "கோடே வேண்டாம் பெரியப்பா, மவுஸால இழுத்து இழுத்து வச்சா போதும், நாலு நாள்ல முடிஞ்சிரும்" என்றிருக்கிறான். அண்ணாச்சி அவன் பக்கம் போனார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. காசும் நாளும் மிச்சம் என்றால் யாரும் அப்படித்தான் போவார்கள். அந்த இழுத்து வைக்கும் கருவிக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு மாதாமாதம் வாடகை மாதிரி ஒரு தொகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

காகித விலை ஏறியது. 312 புத்தகத்துக்கும் விலை மாற்ற வேண்டும். பையனோ வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். கடையில் பில் போடும் பெண் உட்கார்ந்தாள். ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திற, விலை இருக்கும் பெட்டியைத் தொடு, பழையதை அழி, புதியதை அடி, வெளியிடும் பொத்தானை அமுக்கு, அது சுற்றி முடியும்வரை காத்திரு, அடுத்த புத்தகத்துக்குப் போ. நாலு நாளில் எழுபதுதான் முடிந்தது. அதற்குள் ஒரு தகராறு. தென்காசிக்காரர் ஒருவர் போனில் பார்த்துவிட்டு 180 ரூபாய் அனுப்பியிருக்கிறார். கடையில் கணினியில் பார்த்தால் அதே புத்தகம் 220. "ரெண்டு விலை வச்சு ஏமாத்துறீங்களா?" என்று அவர் கேட்க, அந்தப் பெண் அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

போய் உட்கார்ந்து பார்த்தேன். பையன் முதலில் கணினித் திரையை வைத்துக்கொண்டு பக்கத்தை அடுக்கியிருக்கிறான். போனில் அது கோணல்மாணலாக வந்திருக்கிறது. அந்தக் கருவியில் அதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதே பகுதியைப் பிரதி எடுத்துப் போனுக்குத் தோதாக அடுக்கி, 'இது கணினியில் மட்டும் தெரியட்டும், அது போனில் மட்டும் தெரியட்டும்' என்று குறி போட்டுவிடலாம். அவனும் போட்டுவிட்டான். ஆக ஒவ்வொரு புத்தகத்தின் விலையும் பக்கத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று தெரியும்போது மற்றது ஒளிந்துகொள்கிறது. அந்தப் பெண் நாலு நாள் கண் வலிக்க மாற்றியதெல்லாம் கணினிக்காரர்களுக்கான விலை. போனில் பார்ப்பவர்களுக்குப் பழைய விலை அப்படியே இருந்தது. நம் ஊரில் பெரும்பாலோர் பார்ப்பது போனில்.

ஒரே உள்ளடக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010இல் அதற்குப் பெயர் வைத்துக் கட்டுரையே எழுதிவிட்டார். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். கோப்பில் நாலு வரி எழுதினால் போதும்: திரை இவ்வளவு அகலத்துக்குக் கீழே போனால் அட்டைப்படம் மேலே ஏறட்டும், விவரம் அடியில் வரட்டும். விலை ஒரே இடத்தில்தான் இருக்கும். கையால் எழுதியிருந்தால் 312 புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை எல்லாம் ஒரே பட்டியலாக ஒரு கோப்பில் கிடக்கும். பக்கத்துக்கான அச்சு ஒன்றே ஒன்று. பட்டியலில் விலையை மாற்றினால் அத்தனை பக்கமும் மாறும். ஒரு சாயங்காலத்து வேலை. இதைச் செய்யத்தான் நான் மூன்று வாரம் கேட்டேன்.

விலையோடு போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். புத்தகங்களைப் பற்றிய குறிப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் படம்! எழுத்தே இல்லை. ஏன் என்று துருவினால், காரணம் இந்த ஊர் அச்சாபீஸ்களின் வரலாற்றுக்குள் போகிறது. அண்ணாச்சியின் பழைய புத்தகங்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள், அதுவும் ஆளுக்கொரு வரிசையில். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் பொதுத் தரம் வகுத்தார்கள். பிறகு எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவி அந்தக் கவலையே இல்லாமல் போனது. ஆனால் பழைய கோப்புகள் பழைய கோப்புகள்தானே. பையன் அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டியபோது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்திருக்கிறது. எழுத்துருவை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, சில நொடி வேலை. அது அவனுக்குத் தெரியவில்லை. பேஜ்மேக்கர் பக்கத்தைப் படமாக்கினான், இழுத்தான், வைத்தான். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தும் எழுத்தின் படமும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தால், இரண்டும் வேறு என்று அவனுக்கு யார் சொல்லித்தருவது? கோடு எழுதுகிறவன் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி. படம் என்று குறித்த உடனே, இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஓர் இடம் காலியாக அவன் முன்னால் நிற்கும். இழுத்து வைக்கும் கருவியிலும் அந்த இடம் உண்டு. நாலு பட்டியலுக்குள்ளே, ஒரு பல்சக்கரச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. தேடிப் போகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

அண்ணாச்சியின் தளத்துக்கு ஒரு நாள் நாகர்கோவிலிலிருந்து ஒரு தமிழ்ப் பேராசிரியர் வந்திருக்கிறார். பார்வையில்லாதவர். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு படிப்பவர். அதைச் சொல்லாமல் போக முடியவில்லை: ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர், விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று 2006இல் தொடங்கி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருப்பது அது. பேராசிரியருக்கு அண்ணாச்சியின் தளம் என்ன சொன்னது தெரியுமா? படம், படம், படம். கூடவே படக்கோப்பின் பெயராக ஒரு நீள எண். புத்தகப் பெயர்களாவது எழுத்தாக இருந்தனவே என்றால், அந்தப் பக்கங்களின் மொழி ஆங்கிலம் என்று உள்ளே எழுதியிருக்கிறது. கருவி தானாகப் போட்டது அது. வாசிக்கும் குரலும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு தமிழ் எழுத்துகளில் தடுக்கி விழுகிறது. பக்கத்தின் முதல் குறியில் மொழி என்ற இடத்தில் தமிழுக்குரிய இரண்டு எழுத்தைப் போடுவது எவ்வளவு பெரிய வேலை? கடைசியில் எப்படியோ ஒரு புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். 'வாங்க' பொத்தானுக்கு விசைப்பலகையால் போக முடியவில்லை. அது பொத்தானே இல்லை. பொத்தான் மாதிரி நிறமடித்து, மவுஸ் பட்டால் மட்டும் வேலை செய்யும் ஒரு பெட்டி. நாற்பது வருஷமாகத் தமிழ்ப் புத்தகம் வாசித்தவர், தமிழ்ப் பதிப்பகத்தின் வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். என்னால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கையால் எழுதிய தளமெல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024இல் 95.9 சதவீதப் பக்கங்களில், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு இடையூறாகும் பிழைகள் இருந்தன. அதில் என்னைப் போல் கையால் எழுதுகிறவர்களின் பக்கங்களும் இருக்கத்தான் செய்யும். ஆனால் என் பக்கத்தில் பிழை என்று நீங்கள் சொன்னால், எந்த வரி என்று நான் காட்ட முடியும். அண்ணாச்சியின் பக்கத்தைத் திறந்து அந்த 220 என்ற எண் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினேழு பெட்டிகள் தாண்டி உள்ளே இருந்தது.

அட்டைப்படத்தைக் கழித்துவிட்டே ஒரு புத்தகத்தின் பக்கம் 2.8 எம்.பி. ஓடாத ஸ்லைடருக்கான நிரல், தோன்றாத அறிவிப்புப் பலகைக்கான நிரல், யாரும் கேட்காத நாலு ஆங்கில எழுத்துருக்கள். இணையப் பக்கங்களில் வழங்கும் யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறி, எழுத்தோ காலோ புள்ளியோ, மூன்று பைட் பிடிக்கும். 200 பக்க நாவலில் பக்கத்துக்கு 1,500 குறி என்று வைத்தால் மூன்று லட்சம் குறி, ஒன்பது லட்சம் பைட். ஒரு எம்.பி.கூட வரவில்லை. முழு நாவலையும் போல மூன்று மடங்கு எடையை, அந்த நாவலின் பெயரையும் விலையையும் பார்க்க வருகிறவர் தலையில் ஏற்றுகிறோம். அம்பாசமுத்திரத்துக்கு மேலே போனால் சிக்னல் ஒரு கோடாக நிற்கும் இடங்கள் உண்டு. அங்கேயும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

தமிழுக்கு என்று வரும் கொடுமைகள் தனி. முகப்பில் தலைப்பு எழுத்து எழுத்தாகப் பறந்து வந்து சேர வேண்டும் என்று பையன் ஒரு அசைவைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஆங்கிலத்தை மனசில் வைத்துச் செய்த கருவி, ஒவ்வொரு குறியையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பறக்கவிடுகிறது. 'கொற்கை' என்று ஒரு புத்தகத் தலைப்பு. ககரம் தனியாக வந்தது. கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியாக வந்தன. றகரம் தனி, அதன் புள்ளி இன்னொரு வட்டத்தின் மேல். தமிழ் படித்த எவருக்கும் அந்த வட்டங்களைப் பார்த்தால் வயிறு எரியும். வரிகளுக்கு இடையே விடும் இடமும் ஆங்கிலக் கணக்குதான். மேல் வரியின் 'மு'வும் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ' மேல் விழுந்து கிடக்கின்றன. 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற சொல் பொத்தானுக்குள் கொள்ளாமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. சி.எஸ்.எஸ்.இல் ஒரு வரியில் தீரும். அந்த வரியை எழுத அங்கே எனக்கு இடம் கொடுக்கவில்லை. அதற்கு வாடகையை உயர்த்திக் கட்ட வேண்டுமாம்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் எடுத்துச் சொன்னேன். அப்போது ஆத்திரத்தில் ஒன்று கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க கம்போசிட்டரா இருந்தவரு. ஸ்டிக்ல எழுத்து இடவலமா மாறி நிக்கும், அப்படியே வாசிப்பீங்க. எது எங்க நிக்கணும்னு கைக்குத் தெரியும். உங்களுக்குக்கூட இது புரியலேன்னா எப்படி?"

"அதனாலதான் தம்பி சொல்லுதேன்" என்றார். "கோத்துக் கோத்து எங் கண்ணு போச்சு. டிடிபி வந்ததும் அம்புட்டு ஈயத்தையும் எடைக்குப் போட்டேன். ஒரு நாளும் அதுக்காக வருத்தப்பட்டதில்ல. கஷ்டமில்லாம ஒரு வழி வந்தா அதுல போறது தப்பா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1990இல் ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் உலாவியே ஒரு தொகுப்பானும்தான். பக்கத்தைப் படிக்கும் அதே சன்னலில் எழுதவும் திருத்தவும் முடிந்தது. மனிதர்கள் எச்.டி.எம்.எல். குறிகளைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை. பிறகு வந்த உலாவிகள் எழுதும் பகுதியை விட்டுவிட்டன, நாங்கள் நோட்பேடைத் திறந்தோம். ஆகவே கண்ணால் பார்த்து அடுக்குவது பாவம் என்று நான் வாதாடப் போவதில்லை.

வேறு ஒன்றைக் கேட்டேன். "டிடிபி பண்ணுற பிள்ளைகளை எதுக்கு அண்ணாச்சி திட்டுவீங்க?"

"ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எழுத்தை நகத்துவாளுக. வரிக்கு வரி என்டர் போடுவாளுக. பக்க அளவ டெம்மில இருந்து கிரௌனுக்கு மாத்தினா அம்புட்டும் கலைஞ்சு போகும். ஸ்டைல் போட்டுச் செய்யுங்கட்டின்னு தலையால அடிச்சுக்குவேன்."

"உங்க தளம் முழுக்க ஸ்பேஸ் பார் தட்டின வேலை அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை அவர். பிறகு ஒரு டீ சொல்லச் சொன்னார்.

என் மனக்குறை அண்ணாச்சியின் தளத்தோடு முடிவதில்லை. 2001இல் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் இந்தத் தொழிலைக் கற்றேன். ஆசிரியர் கிடையாது. பிடித்த பக்கத்தைத் திறந்து அதன் மூலத்தைப் பார்ப்பேன், பிளாப்பியில் சேமித்து வீட்டுக்குக் கொண்டுபோவேன், ஒரு வரியை மாற்றி என்ன ஆகிறது என்று பார்ப்பேன். மதுரைத் திட்டத்தின் பக்கங்களை அப்படிப் பிரித்துப் பார்த்த நாட்கள் நன்றாக நினைவிருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, இலக்கியங்களை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த திட்டம். தலைப்பு, பத்தி, வரி முறிவு, அவ்வளவுதான் உள்ளே. எந்த ஓட்டைப் போனிலும் இன்றும் திறக்கிறது. இன்று ஒரு பிள்ளை ஆசையோடு அண்ணாச்சியின் பக்கத்து மூலத்தைத் திறந்தால் என்ன கற்றுக்கொள்ளும்? பயந்து மூடிவிட்டு, இது நமக்கு வராது என்று போய்விடும். எத்தனை பிள்ளைகள் அப்படிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அந்த நாளிலும் இழுத்து வைக்கும் கருவிகள் இருந்தன. எங்கள் சென்டரில் ஃப்ரன்ட்பேஜ் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தந்தார்கள். அது எழுதிய கோடு சுத்தமில்லைதான். ஆனாலும் செய்து முடித்தால் கோப்பாகக் கையில் கொடுத்துவிடும். 2003க்குப் பிறகு அதன் புதிய பதிப்பு வரவே இல்லை, அதில் செய்த என் முதல் பக்கம் இன்னமும் என் கணினியில் திறக்கிறது. அண்ணாச்சியின் தளத்தை அப்படி எடுத்து வர முடியுமா என்று அந்த வாடகை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பக்கங்களை வெளியே எடுக்க வசதி இல்லை, வேண்டுமானால் வாடகையைத் தொடரலாம் என்று பதில் வந்தது. மூன்று வருஷமாகப் பணம் கட்டியவர், தன் புத்தகங்களின் பட்டியலைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் புதுத் தளத்துக்காக ஒவ்வொன்றாக எடுக்கிறோம். பில் போடும் அந்தப் பெண் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் தேடித் திறந்து குறிப்பை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறாள், நான் பட்டியலில் சேர்க்கிறேன். அட்டைப்படத்துக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று அவளே யோசித்து எழுதுகிறாள். நாகர்கோவில் பேராசிரியருக்கு இதுவரை முடிந்த பட்டியலை வெறும் எழுத்தாக மின்னஞ்சலில் அனுப்பினோம். அன்று இரவே ஏழு புத்தகம் கேட்டு எழுதியிருந்தார். அடுத்த வாடகைத் தேதி 18. அதற்குமேல் ஒரு மாதம்கூடக் கட்டமாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். இன்று 11ஆம் தேதி. இன்னும் 171 புத்தகம் பாக்கி இருக்கிறது.